மூன்றாவது காஸ்பர்

பெர்க்ஸ் கவுண்டி, பென்சில்வேனியா
7 ஏப்ரல் 1974

அன்பு மகள் ஆர்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாகப் போட்டுவிடாதே. ஒரு பக்கமாவது படி, பிறகு உன் இஷ்டம். நீயும் கென்னும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

உனக்கு அக்டோபரில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் நான் எழுந்து கேரேஜுக்குப் போய்விடுவது உனக்குத் தெரிந்ததுதான். போன வாரம் பேசி முடித்த பிறகு அம்மா கேரேஜ் வாசலில் வந்து நின்றாள். "அக்டோபர்ல பொறக்குமாம். உங்ககிட்ட சொல்லுன்னும் அவ சொல்லல, சொல்லாதேன்னும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு ஒரு மணி நேரம் ஒரே டப்பா ஆணிகளைக் கொட்டுவதும் அள்ளுவதுமாக உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

ரஸ்ஸியை அடக்கம் செய்த மறுநாள் உன் சமையலறையில் நான் சொன்னதை இந்த இரண்டு வருடமாக நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. உனக்கு இன்னும் வயதிருக்கிறது, அடுத்த பிள்ளைக்கும் ரஸ்ஸல் என்றே பேர் வை, மனது ஆறிவிடும் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ள என்ன உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியாப்பா, அளவெடுத்து வேற ஒண்ணு மாட்டறதுக்கு?" என்று கேட்டாய். பிறகு எங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும்படி கென் மாப்பிள்ளையிடம் சொன்னாய்.

நான் சொன்னது நானாக இட்டுக்கட்டியதில்லை, ஆர்லின். நம் ஜனங்கள் காலங்காலமாகச் செய்ததுதான். ஒரு பிள்ளை போய்விட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அதே பேர். பழைய ஜெர்மன் நாட்டு சபைப் பதிவேடுகளைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் இதுதான். பேருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவைக் குறி இருந்தால் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்று அர்த்தம். பத்து வரி கீழே அதே பேர் மறுபடி வரும், குறி இல்லாமல்.

நம் காஸ்பரையே எடுத்துக்கொள். யோஸ்ட் ரோர்பாக்குக்கும் மரியா கதரீனாவுக்கும் 1738இல் ஒரு காஸ்பர் பிறந்தான். ஒரு வயதுகூட ஆகவில்லை, சிலுவைக் குறி. 1740இல் இன்னொரு காஸ்பர். அவனுக்குக் குறி இல்லை. அவன்தான் ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி பிலடெல்பியாவில் வந்து இறங்கினான். இங்கே நிலம் திருத்தி, கல்யாணம் கட்டி, பதினொரு பிள்ளை பெற்று, 1812இல் எழுபத்திரண்டு வயதில் செத்தான். நீ, நான், ஆகஸ்ட் விருந்துக்கு வந்து பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் வெளுத்துக்கட்டுகிற இருநூறு பேரும் அவன் வித்துதான். அந்தத் தாய் உன்னை மாதிரி அந்தப் பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நமக்கெல்லாம் மூத்தவன் யார்?

இந்த வருடக் குடும்ப விருந்தில் காஸ்பருக்கு நினைவுக்கல் திறக்கிறோம். வைட்னர் பட்டறையில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். "காஸ்பர் ரோர்பாக், பழைய நாட்டில் 1740இல் பிறந்தவன், 1749இல் கடல் வழியாக வந்தவன், 1812இல் இறந்தவன்" என்று பேருக்குக் கீழே மூன்று வரி. முப்பது வருடம் நான் தேடிச் சேர்த்தது அந்த மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது.

வேதாகமத்தில் குடும்பப் பக்கத்தை நேற்று திறந்தேன். ரஸ்ஸியின் வரிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. பென்சிலால் அங்கே ரஸ்ஸல் என்று எழுதிவைத்தேன். பென்சில்தான், கோபப்படாதே. பெண் பிறந்தால் அழித்துவிடலாம்.

திட்டியாவது நாலு வரி எழுது. கென்னுக்கு என் அன்பு. கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
எல்வுட்


16 ஜூன் 1974

அன்பு மகள் ஆர்லினுக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று நான் நினைக்கவும் இல்லை, ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன். வேலி இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. மூன்றாவது தடவைக்கு அம்மா பெயின்ட் வாங்கித் தரமாட்டேன் என்கிறாள்.

உனக்குக் கால் வீங்குகிறது என்று அம்மா சொன்னாள். உப்பைக் குறை என்பதுதான் அம்மாவின் வைத்தியம். டாக்டர் சொல்வதைக் கேள்.

ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், வேறு யாருக்கும் தெரியாது. உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன கடிதத்தில் உன்னிடம் தோரணையாகச் சொன்ன விஷயம் இது.

கல் வெட்டி முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு வரலாற்றுச் சங்கத்து நூலகத்துக்குப் போனேன். பியூலா டிரெக்ஸ்லரை உனக்கு ஞாபகம் இருக்கும். சங்கிலி போட்ட கண்ணாடி, ஒல்லியாக, வெடுக்கென்று பேசுவாள். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். எனக்கு வீட்டு ஜெர்மன் பேச வரும், அந்தக் கிறுக்கலைப் படிக்க வராது. போட்டோவைப் பார்த்தாள். "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க. இந்த ஊர் சபைப் புத்தகத்தையும் பாத்துட்டுத்தானே வெட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் பார்க்கவில்லை, ஆர்லின். பழைய நாட்டுப் பதிவேட்டில் காஸ்பர் கிடைத்துவிட்டான். குறி இல்லாத காஸ்பர், பொருத்தமான வயது. அதற்குமேல் எதற்குத் தேட வேண்டும்? கப்பல் பட்டியலில் அவன் பேர் இல்லை என்பது உண்மைதான். அதில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத்தான் எழுதுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று யாரும் எழுதவில்லை. இதையெல்லாம் பியூலாவிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க தேடல எல்வுட், மொதல்ல கண்ணுல பட்டவனையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள். பிறகு உள்ளே போய் நம் சபையின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துவந்தாள்.

ஏப்ரல் 1750. யோஸ்ட் ரோர்பாக்கின் மகனுக்கு ஞானஸ்நானம். பேர் காஸ்பர்.

பியூலா விரலை வைத்து ஒருதரம் படித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் படித்தாள். ஞானஸ்நானம் கொடுத்த போதகர் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைத்திருக்கிறார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டுவந்தது இது: "இந்தப் பெயரில் இவர்களுக்கு மூன்றாம் பிள்ளை. முதலாமவன் பழைய ஊரில் கிடக்கிறான். இரண்டாமவன் வரும் வழியில் கடலில் விடப்பட்டான். தாய் பிலிப் என்று பெயர் கேட்டாள். தகப்பன் இணங்கவில்லை."

பியூலா மெதுவாகப் புத்தகத்தை மூடினாள். வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் சபைக் கல்லறைக்குப் போய் பழைய காஸ்பர் கல்லுக்கு முன்னால் மண்டி போட்டேன். 1946இல் அதன்மேல் காகிதம் வைத்து மெழுகுக் குச்சியால் தேய்த்துப் பிரதி எடுத்தவன் நான்தான். செம்மணல் கல், தேய்ந்துபோயிருக்கும். செத்தபோது வயது எழுபத்திரண்டு என்று அன்று படித்தேன். இந்தத் தடவை தண்ணீர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். அறுபத்திரண்டு. அன்றும் அது அறுபத்திரண்டாகத்தான் இருந்திருக்கும். நான்தான் எனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டேன்.

ஆக, ஒன்பது வயதில் கப்பலிலிருந்து இறங்கி வந்தவன் என்று நான் முப்பது வருடமாக மேடை போட்டுச் சொன்ன பையன் இறங்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனைக் கடலில் விட்டபோது அந்தத் தாய் வயிற்றில் அடுத்தவனோடு இருந்திருக்கிறாள். உனக்கு இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள், ஆர்லின். போன கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இருநூற்று இருபத்துநாலு வருடத்துக்கு முன்னாலேயே பதில் எழுதி வைத்திருக்கிறது.

கல்லை என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. நிறைய நடக்காதே, காலை உயரமாக வைத்துப் படு.

உன் அப்பா,
எல்வுட்


13 ஆகஸ்ட் 1974

அன்பு மகள் ஆர்லினுக்கு,

விருந்து முடிந்தது. நான் இன்னும் ரோர்பாக் குடும்பத்தில்தான் இருக்கிறேன், ஆனால் குடும்பச் சங்கத்தின் செயலாளர் பதவி போய்விட்டது. அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். அவளைப் பற்றி அவளே சொல்லியிருக்க மாட்டாள்.

வழக்கம்போல சபைக்குப் பின்னால் இருக்கும் தோப்பில்தான். நூற்றெண்பது பேர். வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளின் நாடகம் நடந்தது. அட்டைக் கப்பல் இன்னும் அதேதான், நீ ஏழு வயதில் கொடி பிடித்துக்கொண்டு நின்ற அதே கப்பல். இந்த வருடம் காஸ்பர் வேஷம் போட்ட பையன் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே பலகையில் இறங்கினான். எல்லாரும் கைதட்டினார்கள். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து நான் எழுந்து கல்லின் துணியை விலக்க வேண்டும். கையில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் படிக்கவில்லை. இந்தக் கல்லில் இருப்பது தப்பு, தப்பு என்னுடையது, நாம் கைதட்டிய பையன் கரைக்கே வரவில்லை என்று சொன்னேன். பியூலா படித்துத் தந்ததை அப்படியே வாசித்தேன். தாய் வேறு பேர் கேட்டாள், தகப்பன் இணங்கவில்லை என்ற வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். வெயிலால் என்று நினைத்து யாரோ எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து நீட்டினார்கள்.

என் சித்தப்பா மகன் ஹார்வியை உனக்குத் தெரியுமே. எட்டு வருடமாக இந்தப் பதவி மேல் கண் வைத்திருந்தவன். எழுந்து நின்று, "ஏண்டா எல்வுட், முப்பது வருஷமா நீதான் வந்தான் வந்தான்னு சொன்னே. இப்ப நீயே வரலேங்கறே. அடுத்த வருஷம் நாங்க யாருமே பொறக்கலேன்னு சொல்லுவியா?" என்றான். தோப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. இன்னொருத்தர் கல்லைத் திருப்பி வைட்னரிடமே கொடுத்துவிடலாம் என்றார். வைட்னர் பன்றித்தொடையை மென்றுகொண்டே, "முகத்த முழுசா இழைச்சுட்டு மறுபடி வெட்டித் தரேன். ஆனா கல்லு மெலிஞ்சு போயிடும்" என்றார்.

அப்போதுதான் உன் அம்மா எழுந்தாள். நாற்பது வருடமாக அந்த விருந்துக்கு வருகிறாள். சாலடில் வெங்காயம் யார் அதிகம் போட்டது என்பதைத் தவிர அங்கே அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தி கையில் அப்படியே இருந்தது. "கல்லுல எதுவும் தப்பில்ல. நாப்பதுல பொறந்தான்னு போட்டிருக்கு, பொறந்தான். நாப்பத்தொம்பதுல கடல்ல வந்தான்னு போட்டிருக்கு, வந்தான். கடைசி வருஷத்த மட்டும் மாத்துங்க. நம்ம ஆளுக்கு அங்க ஏற்கனவே ஒரு கல்லு இருக்கு. இந்தப் புள்ளைக்கு எங்கயும் இல்ல. இது அவனுக்கு இருக்கட்டும்" என்றாள். பிறகு உட்கார்ந்து பலகாரத்தை மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். ஹார்விக்குக் கொடுத்த துண்டு எல்லாவற்றிலும் சின்னது.

அம்மா சொன்னபடியே செய்வது என்று முடிவானது. வைட்னர் நேற்று வேலையை முடித்துவிட்டார். 1812 இருந்த வரியை மட்டும் பட்டையாகக் குடைந்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் "வழியில் இறந்தான், வயது ஒன்பது" என்று வெட்டியிருக்கிறார். இன்று காலையில் நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். அம்மா அங்கே நின்று ரஸ்ஸிக்காக அழுதாள். இந்த ஊரில் நின்று அழ அவளுக்கு ஒரு இடம் இல்லாமல் இருந்திருக்கிறது, பார். ரஸ்ஸி உன் ஊரில் கிடக்கிறான், நாங்கள் இங்கே கிடக்கிறோம். நானும் அழுதேன். கைக்குட்டை ஒன்றுதான் இருந்தது, அதை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

பேசுவதற்கு உனக்கு இன்னும் மனது வரவில்லை என்று புரிகிறது. அவசரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
எல்வுட்


22 செப்டம்பர் 1974

அன்பு மகள் ஆர்லினுக்கு,

பிள்ளை வருவதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். மற்ற மூன்றையும் நீ படிக்காமல் வைத்திருந்தாலும் இதைப் படி.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. வருடா வருடம் மே மாதக் கடைசியில், எல்லாரும் கல்லறைகளுக்குப் பூ வைக்கப் போகிற நாளில், நான் தனியாக ஒரு இடத்துக்குப் போய்வருவேன். நீ சின்னவளாக இருந்தபோது கூட வருகிறேன் என்று அடம்பிடிப்பாய். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போவேன். என் அம்மாவையும் அப்பாவையும் வைத்திருக்கும் மலைச் சபைக் கல்லறை அது. அவர்களுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதில் எல்வுட் ரோர்பாக் என்று எழுதியிருக்கும். 1905இலிருந்து 1907 வரை.

அவன் எனக்கு முந்தினவன். ஒரு வயது பத்து மாதத்தில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டான். அடுத்த வருடம் நான் பிறந்தேன். பேர் தயாராக இருந்தது. சட்டைகளும் இருந்தன.

நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த என் பேர் அந்தக் கல்லில் இருந்ததுதான். ஐந்து வயது. என் அம்மா பூவை என் கையில் கொடுத்து, வை என்றாள். நான் செத்துப்போய்விட்டேனா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா, "சீ, அது அவன். நீ வந்தப்புறந்தாண்டா உங்கம்மா அழறத நிறுத்தினா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன், ஆர்லின். காலுறை ஆலையில் நாற்பத்தொரு வருடம் மெஷின் பழுதுபார்த்தேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்றை எதுவுமே செய்யாமல், பிறந்தே செய்துமுடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. என் அம்மாவின் அழுகையை நிறுத்தியவன் நான். ரஸ்ஸியை அடக்கம் செய்த மறுநாள் நீ பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்ற நிலையைப் பார்த்தபோது, எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அதைத்தான் உனக்குக் கொடுத்தேன்.

போன வாரம் என் அக்கா மின்னியைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். எழுபத்தைந்து வயது, காது மந்தம், மற்றபடி எல்லாம் தெளிவு. காஸ்பர் கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். பேச்சுவாக்கில் அப்பா சொன்னதையும் சொன்னேன், நான் வந்ததும் அம்மா அழுவதை நிறுத்தினாள் என்று. மின்னி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யார்றா சொன்னது நிறுத்தினாங்கன்னு? உன் எதிர்ல அழமாட்டாங்க, அவ்வளவுதான். கோழிக்கூண்டுக்குள்ள போயி உக்காந்து அழுவாங்க. நீ தேடிட்டு வந்துடாம பாத்துக்கறதுதான் என் வேல. உன்னப் புடிச்சு வெச்சுக்கவே எனக்கு ரெண்டு கை பத்தாது" என்றாள்.

அறுபத்தாறு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

தெரியாமலும் இல்லை போல. காரில் திரும்பி வரும்போது ஞாபகம் வந்தது. சாயங்காலம் என் அம்மா பின்கதவைத் திறந்து எல்வுட் என்று கூப்பிடுவாள். நான் எங்கே இருந்தாலும் ஓடிவருவேன். நான் வந்து நின்றதும் அவள் முகத்தில் ஒரு நொடி ஒன்று வந்து போகும். வேறு யாரோ வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த முகம். பிறகு சரியாகிவிடுவாள், கால் கழுவிவிடுவாள், பாலும் ரொட்டியும் தருவாள். அவள் நல்லவள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் பத்து வயது வரை இன்னும் வேகமாக ஓடிவந்தால் அந்த முகம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. உன் அம்மா திட்டினாள்.

அதனால் சொல்கிறேன், மகளே. அந்தப் பேரை வைக்காதே. நான் சொன்னது தப்பு. உன்னிடம் ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நீ கேட்டது சரி, நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.

ரஸ்ஸி ரஸ்ஸியாகவே இருக்கட்டும். அவனை நான் பார்த்தது மொத்தம் பத்தொன்பது நாள். இங்கே வந்திருந்தபோது என் மரைகளையும் ஆணிகளையும் ஒரு காப்பி டப்பாவில் போட்டு மூடி, குலுக்கிக்கொண்டே வீடு முழுக்க நடந்தான். தாத்தா என்று சொல்லச் சொன்னால் மாட்டேன், எல்வுட் என்றுதான் கூப்பிடுவேன் என்றான். அந்தப் பேரைச் சொல்லி அவ்வளவு சந்தோஷமாக அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் வந்து நின்றால் என்னைத்தான் பார்ப்பான். அந்த டப்பா கேரேஜில் அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஏப்ரலில் எழுதினேனே, ஒரு மணி நேரம் கொட்டியும் அள்ளியும் உட்கார்ந்திருந்தேன் என்று, அந்த டப்பாதான். அவனைப் போல இன்னொருவன் வரமாட்டான். வரவும் வேண்டாம்.

வேதாகமத்தில் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டேன். அம்மாவின் நல்ல ரப்பரை எடுத்துத்தான் அழித்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கொஞ்சம் தடம் தெரிகிறது, நான் அழுத்தி எழுதுகிறவன். அதனால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதில் என்ன எழுத வேண்டும் என்று நீ சொல். கென் ஆட்களின் பேராக இருக்கலாம், பூவின் பேராக இருக்கலாம், எனக்கு வாயில் நுழையாத பேராகக்கூட இருக்கலாம். மையில் எழுதுகிறேன்.

கடிதம் எழுத மனமில்லை என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது இனி நான் கேரேஜுக்குப் போகப்போவதில்லை. அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவளிடமே பேசு. அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வாள், எனக்குக் கேட்கும். உனக்கு எப்போதாவது தோன்றினால் அப்பா இருக்கிறாரா என்று கேள்.

காஸ்பரின் தாய் கேட்ட பேரை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. உனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். யாருடைய இடத்துக்கும் வராமல் தன் இடத்துக்கே வருகிற அந்தப் பிள்ளையைக் கர்த்தர் காக்கட்டும். நீ பின்கதவைத் திறந்து கூப்பிடும்போது அது ஓடிவரட்டும், நீயும் அதையே எதிர்பார்த்து நின்றிருக்க வேண்டும். ஒரு அப்பனாக எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் அப்பா,
எல்வுட்